உப்பைத் தடுக்கும் மெல்லிய தோல்

தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் குடியேறிய நம்மவர் வீடுகள் பலவற்றில், குடிநீரைச் சுத்திகரிக்கும் பெட்டி ஒன்று சமையலறைச் சுவரில் தொங்குகின்றது. அதனுள்ளே சுருட்டி வைத்திருக்கும் சவ்வின் வரலாற்றில் சௌரிராஜன் என்னும் பெயர் இடம் பெற்றிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம் அது என்று நேயர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ!

1950களில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீட், பிரெட்டன் என்னும் இருவர், செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுவதைக் கண்டனர். நீர் வந்ததோ சொட்டுச் சொட்டாக. படலத்தை மெலிதாக்கினால் நீர் பெருகும். ஆனால் அழுத்தம் தாங்காது கிழிந்துவிடும்.

இச்சிக்கலை அவிழ்த்தவர்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த சிட்னி லோபும் இந்தியரான ஸ்ரீநிவாச சௌரிராஜனும் ஆவர். விலைக்கு வாங்கிய படலமொன்றை வெந்நீரில் பதப்படுத்திச் சோதித்தபோது, ஒரு பக்கம் உப்புநீரை நோக்கியிருந்தால் நற்பயன் விளைந்தது. திருப்பி வைத்தாலோ பயனில்லை. ஒரே படலத்திற்கு இரண்டு முகங்கள்! இக்குறிப்பைப் பற்றிக்கொண்டு அவர்கள் தாமே படலம் வார்த்தனர். மேலே அடர்ந்த மெல்லிய தோல். கீழே கடற்பஞ்சு போன்ற துளைப்பகுதி. தோல் உப்பைத் தடுத்தது, பஞ்சு அழுத்தத்தைத் தாங்கியது, நீரோட்டம் பன்மடங்காயிற்று. ஒரு காலத்தில் ரயிலில் குடிநீர் தருவித்த கோலிங்கா என்னும் கலிபோர்னியச் சிற்றூரில், 1965இல் இம்முறையில் குடிநீர் நிலையம் அமைந்தது.

தோலையும் தாங்கியையும் ஒரே பொருளால் ஏன் செய்ய வேண்டும்? 1970களில் ஜான் கடாட் என்பவர் தோலைத் தனிப் பூச்சாகவே அமைத்தார். துளை நிறைந்த பாலிசல்போன் தாளை அமீன் கரைந்த நீரில் நனைத்து, நீருடன் கலவாத திரவத்தில் கரைத்த மற்றொரு ரசாயனத்தை அதன்மேல் படியச் செய்தார். இரண்டும் சந்திக்கும் எல்லையில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல், நைலான் இனத்துப் பாலியமைடுத் தோல் நொடிகளில் உருவாகிறது. உருவான தோலே இரு திரவங்களையும் பிரித்துவிடுவதால், அது மேலும் தடிப்பதில்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000இல் ஒரு பங்குதான். சென்னைக்கருகே 2010இல் தொடங்கிய மீஞ்சூர்க் கடல்நீர் நிலையமும் இத்தகைய சவ்வூடு முறையில் அமைந்ததே.

பூச்சின்மேலும் பூச்சு உண்டு. பாலியமைடின்மீது அழுக்கு எளிதில் ஒட்டுவதால், நீரை விரும்பும் பாலிவினைல் ஆல்கஹாலைச் சில சவ்வுகளில் மேலே பூசுகின்றனர். குளோரின்தான் இத்தோலுக்குப் பெரும் பகை. அது தோலைச் சிதைத்துவிடும். நம் வீட்டுப் பெட்டியில் சவ்வுக்கு முன்னே கரி வடிகட்டியை வைத்திருப்பது, குழாய் நீரிலுள்ள குளோரினை வழியிலேயே பிடித்துக்கொள்வதற்காகவும்தான்.