பட்டுப்புழு எச்சமும் பிண்ணாக்கும்

கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹான் பேரரசர் செங்கின் ஆட்சிக் காலத்தில், சீனத் தலைநகர் சாங்கானைச் சூழ்ந்த சமவெளியில் உழவர்களுக்குப் பயிர்த்தொழில் சொல்லிக்கொடுத்த அதிகாரி ஃபான் ஷெங்ஷி. அவர் எழுதிய கையேட்டில் கஞ்சாச் செடிக்கு எரு வைக்கும் முறை அளவோடு இருக்கிறது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும், ஒவ்வொன்றுக்கும் மூன்று ‘ஷெங்’ பட்டுப்புழு எச்சம் இடவேண்டும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 மில்லிலிட்டர். அது கிடைக்காவிட்டால் மலக்குழியில் நன்றாக மக்கிய எரு ஒரு ஷெங் போதும்.

போதைக்காகச் சொன்னதல்ல இது. கஞ்சா விதை அன்றைய சீனாவில் உணவு. ஐந்து தானியங்களின் பட்டியல்கள் சிலவற்றில் அதற்கும் இடமுண்டு. விதைக்கான பயிரில் செடிக்குச் செடி ஒன்பது ‘சி’, அதாவது சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார் ஃபான். அப்படித் தனித்தனியாக நிற்கும் செடியின் தூரில்தான் அளந்து மேலுரம் இட முடியும். பட்டுப்புழு எச்சத்துக்கும் பஞ்சமில்லை. மல்பெரி வளர்த்துப் பட்டு நூற்ற அதே வீடுகள் கஞ்சாவையும் பயிரிட்டன. இலை தின்ற புழுவின் எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. கஞ்சா அதை வாரி உண்ணும் செடி. அடுத்த இடத்தில் வைத்த மலக்குழி எருவும் வீட்டுச் சரக்கே. ஹான் காலக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் பொம்மைகளில், மேலே கழிப்பறையும் கீழே பன்றித் தொழுவமுமான கட்டடங்கள் இருக்கின்றன. இரண்டின் கழிவும் ஒரே குழியில் சேர்ந்தது.

தண்ணீரிலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு. மழை பொய்த்தால் ஓடும் நீரைச் செடிக்கு ஐந்து ஷெங் ஊற்ற வேண்டும். கிணற்று நீர்தான் என்றால் முதலில் வெயிலில் வைத்து அதன் குளிர்ச்சியைப் போக்க வேண்டும். அடிக்கடி ஊற்றக் கூடாது. இப்படி வளர்ந்த செடிகளில் பெரியவற்றைப் பனி விழுந்தபின் ரம்பத்தால் அறுக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

ஃபானின் நூல் முழுதாக நம் கைக்கு வரவில்லை. ஆறாம் நூற்றாண்டில், வட வெய் ஆட்சியில் மாவட்ட அதிகாரியாக இருந்த ஜியா சிஷியே தொகுத்த ‘சிமின் யாவோஷு’ என்ற பெருநூலில் மேற்கோள்களாகத்தான் தப்பியது. ஜியா நாருக்கான பயிரைத் தனி அத்தியாயமாகப் பிரித்து எழுதினார். அங்கே எருவின் கணக்கும் வேறு. துணி நெய்யும் நாருக்கு நெருக்கமாக விதைக்க வேண்டும். இடைவெளி விட்டு நின்றால் தண்டு தடித்து அதன் பட்டை கெட்டுப்போகும். நெருங்கி நிற்கும் பயிரில் செடிக்குச் செடி எரு வைப்பது நடக்காத காரியம். ஆகவே எல்லாம் விதைப்புக்கு முன்பே, அடியுரமாக. மெலிந்த நிலத்துக்கு எரு இடு, எரு மக்கியிருக்கட்டும், மக்கிய எரு இல்லையென்றால் பயறு அறுத்த நிலத்தில் விதை என்பது அவர் சொன்னதன் சாரம். பயறு வேரின் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்ப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிறுவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

விதைப் பயிரில் ஆண் செடியை எப்போது பிடுங்குவது என்பதையும் ஜியா குறித்திருக்கிறார். மகரந்தம் கொட்டிய பிறகு பிடுங்கு, அதற்கு முன்பே பிடுங்கினால் விதை பிடிக்காது என்றார்.

விதை பிடிக்கவே கூடாது என்று நினைத்தவர்கள் வங்காளத்தில் இருந்தார்கள். இன்றைய வங்கதேசத்தின் நவ்காவ் வட்டாரத்தில், ஆங்கிலேய அரசின் உரிமத்தோடும் கலால் வரியோடும் பிசினுக்கான கஞ்சா பயிரானது. துணை ஆட்சியர் ஹேம் சந்திர கேர் 1877-இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1893-94-இல் இந்திய கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தபோதும் நவ்காவின் சாகுபடி முறை பதிவானது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே நிலத்தில் கஞ்சா வைப்பதை நவ்காவ் உழவர்கள் தவிர்த்தார்கள். கோடையிலேயே நிலத்தை உழுது சாணி எரு பரப்பினார்கள். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் பார் பிடித்து நடவு. அக்டோபரில் பாரின் அடியைக் கொத்தி, சாணியும் பிண்ணாக்கும் வைத்து மண் அணைத்தார்கள். அடியுரம், மேலுரம் இரண்டும் இங்கே சேர்ந்துவிட்டன. நவம்பரில் ‘பொத்தார்’ வருவார். ஆங்கிலேயர் அவரைக் கஞ்சா டாக்டர் என்றார்கள். மகரந்தம் வெடிக்கும் முன்பே ஆண் செடிகளை அடையாளம் கண்டு களைவது அவர் வேலை. விதை பிடிக்காத பெண் பூங்கொத்து பிசினேறித் தடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை.

பிண்ணாக்கு முரட்டு எரு. புளிக்காமல் வைத்தால் சூடேறி வேரைச் சுடும். 1149-இல் நெல் நாற்றங்காலைப் பற்றி எழுதிய சீனர் சென் ஃபு, பிண்ணாக்கை இடித்து எரிசாம்பல் எருவோடு குவித்து, மேலே எலி ரோமம்போலப் பூஞ்சை படரும்வரை மூடிவைத்து, கிளறிக் கிளறி, சூடு முழுதும் அடங்கிய பின்னரே வயலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்.

1917-இல் நவ்காவ் உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கஞ்சாப் பணத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. 1987-இல் பயிர் நின்றது.

இயற்கை எரு பற்றிய கேள்வி இப்போது உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாக் கூடங்களில் எழுகிறது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் தென்னை நார்க்கழிவில் செடிகளை வளர்த்து, பூக்கும் பருவத்தில் இயற்கைத் திரவ உரத்தைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். உரம் ஏற ஏறப் பூவின் விளைச்சல் கூடியது. கூடவே பூவிலுள்ள டிஹெச்சி என்ற போதைப்பொருளின் அடர்த்தி நீர்த்துப்போனது. எடைக்கு விற்பவரும் வீரியத்துக்கு விற்பவரும் ஒரே அளவு உரம் வைக்க முடியாது.