வடக்கன்குளம்: சாதிக்கு வரைபடம் போட்ட கோயில்

"கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே, உங்களுக்கு எதற்கு எஸ்.சி. சான்றிதழ்?" கல்லூரியிலும் தாலுகா அலுவலகத்திலும் தலித் கிறிஸ்தவ மாணவர்கள் கேட்டுச் சலித்த கேள்வி இது. இதற்கு நாம் ஒரு கட்டடத்தையே பதிலாகக் காட்டலாம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது வடக்கன்குளம். தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். இங்கே 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் கால்சட்டை வடிவில் அமைந்தது. இரண்டு நீள மண்டபங்கள் இரண்டு கால்களைப் போலப் பிரிந்து கிடக்க, அவை சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரு மண்டபம் பிள்ளை, முதலி எனப்பட்ட வெள்ளாளர்களுக்கு, மற்றது நாடார்களுக்கு. நடுவில் சுவர். பூசை வைக்கும் பாதிரியாரை இரண்டு தரப்பும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மற்ற கோயில்களில் சாதி பழக்கமாக இருந்தது. இங்கே அது அஸ்திவாரத்திலேயே இறங்கியது.

1910-இல் திருச்சபைத் தலைமை அந்தச் சுவரை இடித்தது. வெள்ளாளர்கள் ஆயர் பார்த் மீது வழக்குப் போட்டார்கள். சுவர் தங்கள் உரிமை என்பது அவர்கள் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள்.

வடக்கன்குளத்துச் சண்டை வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையிலானது. நம் மக்களின் போராட்டம் அதைவிடப் பழையது. புதுச்சேரி சம்பா கோயிலில் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரை, 1745-இல் அவர்களே பாதிரியாரிடம் நியாயம் கேட்டு இடிக்க வைத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் சுவர் போனதும் சாதி போய்விடவில்லை. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கடைப்பெட்டி தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாது, அதன் கொடுமை அதே அளவில் தொடர்வதை நிரூபிக்க வேண்டும் என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. 2022-இல் ஒன்றிய அரசு இதே கேள்வியை கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடம் கொடுத்தது.

ஆக, நம்மிடம் கேட்கப்படுவது ஆதாரம். அது ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என எந்த ஊரில் இருந்தாலும் தோழர்களே, உங்கள் சொந்த ஊர்க் கோயிலைக் கவனியுங்கள். யார் எந்த வாசலில் நுழைகிறார்கள்? தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? பெரியவர்களிடம் கேளுங்கள், தேதியோடு எழுதுங்கள், படம் எடுங்கள். வடக்கன்குளத்துச் சுவர் போய்விட்டது. அந்த இரண்டு மண்டபங்களின் வரைபடம் இன்னும் சாட்சி சொல்கிறது.