அறச்சாலை முதல் கட்டண இல்லம் வரை: முதியோர் பராமரிப்பின் விலை

முன்னுரை

முதியோரைப் பேணுதல் மக்களின் கடன் என்பது தமிழ்ச் சமூகத்தின் பொதுக் கருத்து. ஆயினும் அப்பேணுதலுக்கு எக்காலத்தும் ஒரு விலை இருந்துவந்துள்ளது. அவ்விலையைச் செலுத்தியவர் யார், அவர்க்குக் கிட்டிய காப்பு யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறம்

மணிமேகலையில் ஆபுத்திரன், மதுரையில் தான் இரந்து பெற்ற உணவைக் கண்ணிழந்தோர்க்கும் கவனிப்பார் அற்றோர்க்கும் பகிர்ந்தளிக்கிறான். பெறுபவர் விலை தருவதில்லை. கொடுப்பவர்க்குப் புண்ணியம் சேர்கிறது. சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் ஆதரவற்ற மூதாட்டியர்க்காகத் தொடங்கிய விச்ராந்தி இல்லத்தை இவ்வற நோக்கின் தொடர்ச்சி எனலாம். இத்தகைய இல்லங்களில் ஆதரவின்மையே நுழைவுத் தகுதி.

சொத்து

உடைமையுள்ளோர் வேறு வழி கண்டனர். வீட்டையோ நிலத்தையோ மக்கள் பெயரில் ‘செட்டில்மெண்ட்’ எழுதிவைத்து, ஆயுள் முழுதும் உணவும் உறைவிடமும் எதிர்பார்த்தனர். பாசம் எனப் பேசப்பட்டாலும் இது முன்கூட்டிச் செலுத்திய விலையே. பதிவு முடிந்தபின் முதியவர் கையில் பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை.

இக்குறையை உணர்ந்தே பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007) 23ஆம் பிரிவை வகுத்தது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதனை நிறைவேற்றத் தவறினால், கொடுத்தவர் அம்மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்தமை நிறுவப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் வலியுறுத்தியது. 2025 ஜனவரியில், முதியோர் நலன் கருதி இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் எனக் கூறி, தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்துச் செய்தது.

கட்டணம்

மக்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ, ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் கொண்டு இல்லங்களில் இடம்பெறுவோர் பெருகினர். வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் இங்கு வழக்கம். மேற்குறித்த சட்டத்தின் 19ஆம் பிரிவு மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர்க்கான இல்லம் அமைப்பது பற்றிக் கூறினும், அது வறியோர்க்கானது. வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்ல நெறிமுறைகளோ மாதிரி வடிவமே. மாநிலங்கள் ஏற்றாலன்றி அவற்றிற்குச் சட்ட வலிமை இல்லை.

எனவே கட்டணம் செலுத்துபவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தையும் நுகர்வோர் சட்டத்தையுமே நம்ப வேண்டியுள்ளது. கடையை மாற்றுவது நுகர்வோர்க்கு எளிது. நடமாட இயலாத எண்பது வயதினர்க்கு இல்லத்தை மாற்றுவது எளிதன்று. வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கலாம். தீர்ப்பு வரும்வரை அவரைக் குளிப்பாட்டுவார் யார்?

முடிவுரை

வறியோர்க்கு அறமும், சொத்தை எழுதிவைத்தோர்க்குச் சட்டமும் ஓரளவேனும் துணைநிற்கின்றன. தம் பணத்தில் தம்மைக் காத்துக்கொள்ள முயல்வோரே இடைவெளியில் நிற்கின்றனர். கட்டணம் செலுத்துதல் மக்களால் கைவிடப்பட்டதன் அடையாளம் என்னும் சமூகக் கூச்சம், இவ்விடைவெளி பேசப்படாமைக்கு ஒரு காரணம் எனலாம். அக்கூச்சம் நீங்கினாலன்றி, ஒப்பந்தத்தில் எவை இடம்பெற வேண்டும் என்ற கேள்வி குடும்பத்திற்குள்ளும் எழாது, அரசிடமும் எழாது.