சான்றிதழ் இருக்கட்டும், லெவலைக் காட்டு

வீடியோ கேம் வடிவமைப்பாளர் ஒருவர் தான் செய்த வேலையைக் காட்டி வேறு இடத்தில் வேலை கேட்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அது அவர் செய்ததுதான் என்பதற்கு அத்தாட்சியே இருக்காது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தன் கேட்ரிட்ஜ்களின் பெட்டியிலோ திரையிலோ ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரைப் போடவில்லை. பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக்காரர்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

வாரன் ராபினெட் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். தன் ‘அட்வென்சர்’ ஆட்டத்துக்குள் ரகசிய அறை ஒன்றைக் கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்தார். ஒரு பிக்சல் அளவே உள்ள சாம்பல் புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். மேலாளர்களிடம் அவர் மூச்சுவிடவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஆடிய பையன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டபோதுதான் அட்டாரிக்கே சங்கதி தெரிந்தது. இந்தத் தொழிலில் ஒரு வடிவமைப்பாளர் தனக்காக எடுத்துவைத்த முதல் சான்றுகளில் ஒன்று இப்படித் திருட்டுத்தனமாகத்தான் பிறந்தது.

அதே நிறுவனத்தில் டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நால்வர் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். விற்பனையில் பெரும்பங்கு தங்கள் ஆட்டங்களால் வருகிறது. பெயரும் பங்கும் வேண்டும் என்றார்கள். ஜவுளித் துறையிலிருந்து வந்திருந்த தலைவர் ரே கஸ்ஸார் மசியவில்லை. 1979இல் நால்வரும் வெளியேறி, ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். வடிவமைப்பாளரின் பெயரை ஆட்டத்தோடு சேர்த்தே விற்றார்கள். கையேட்டில் படத்தையும் போட்டார்கள்.

பெயர் கிடைத்தது. ஆனால் உள்ளே இன்னும் காலடி வைக்காதவர் எதைக் காட்டுவார்? 1980களில் இதற்கு விடை சொன்னவை கணினிப் பத்திரிகைகள். வாசகர் எழுதி அனுப்பும் நிரலை அவை அச்சிடும். வாங்கியவர் வரி வரியாகத் தட்டச்சு செய்து ஆடுவார். ஜான் ரொமேரோ என்ற பையனின் ‘ஸ்கவுட் சர்ச்’ 1984இல் ‘இன்சைடர்’ பத்திரிகையில் வந்தது. மூன்று ஆண்டு கழித்து ஆப்பிள் கண்காட்சி ஒன்றில் ஆரிஜின் நிறுவனத்தின் கடைக்குப் போன அவர், அங்கிருந்த கணினியில் தன் வட்டைப் போட்டு ஆட்டத்தை ஓடவிட்டார் என்று ‘மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்’ நூல் சொல்கிறது. ஆரிஜினில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

ரொமேரோவுக்கு நிரல் எழுதத் தெரியும். அது தெரியாதவருக்கும் கதவு திறந்தது 1993 டிசம்பர் 10 அன்று. அவரும் ஜான் கார்மக்கும் சேர்ந்து நிறுவிய ஐடி சாஃப்ட்வேர் அன்றுதான் ‘டூம்’ ஆட்டத்தை வெளியிட்டது. கார்மக் ஆட்டத்தின் இயந்திரத்தை ஒரு கோப்பிலும், வரைபடம், ஓவியம், ஒலி எல்லாவற்றையும் ‘வாட்’ எனப்படும் தனிக் கோப்பிலும் வைத்திருந்தார். இது தற்செயல் அல்ல. முந்தைய ஆட்டமான ‘வுல்ஃபன்ஸ்டைன் 3டி’யை ரசிகர்கள் குடைந்து மாற்றியதைப் பார்த்து, அவர்களுக்கு வசதியாகவே அப்படிச் செய்தார். அடுத்த மாதமே நியூசிலாந்தின் பிரெண்டன் வைபர் ‘டியூ’ என்ற எடிட்டரை இலவசமாக வெளியிட்டார். சுவரும் கதவும் அரக்கர்களும் வைத்து ஒரு லெவலைக் கட்ட இனி வேலையில் இருக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தது ஆள் வேட்டை. மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவராக இருந்து டூம் லெவல்கள் கட்டிய டிம் வில்லிட்ஸ் 1995இல் ஐடிக்கே போய்ச் சேர்ந்தார். டீம்டிஎன்டி என்ற ரசிகர் குழு 32 லெவல்களை இலவசமாகக் கொடுக்கத் தயாராக இருந்தபோது ஐடி குறுக்கிட்டு விலைக்கு வாங்கியது. டாரியோ, மைலோ கசாலி சகோதரர்கள் கட்டிய ‘புளூட்டோனியா’வுடன் சேர்ந்து அது 1996இல் ‘ஃபைனல் டூம்’ என்று கடைக்கு வந்தது. டாரியோ வால்வ் நிறுவனத்துக்குப் போய் ‘ஹாஃப் லைஃப்’ லெவல்களைக் கட்டினார்.

இந்த வழியை நிரந்தரமாக்கியது வால்வ்தான். ‘குவேக்’ ஆட்டத்தை மாற்றி ‘டீம் ஃபோர்ட்ரஸ்’ செய்த ஆஸ்திரேலிய இளைஞர்களை 1998இல் அழைத்துக்கொண்டது. மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் 1999இல் ‘ஹாஃப் லைஃப்’ மீது கட்டிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’கை மறு ஆண்டே வாங்கியது. அந்த ஆஸ்திரேலியர்களில் ஒருவரான ராபின் வாக்கர், 2005இல் ரெட்மண்டின் டிஜிபென் கல்லூரியில் மாணவர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் நாளுக்குப் போயிருந்தார். வாயில்களைச் சுவரில் திறந்து நடக்கும் ‘நார்பகுலர் டிராப்’ அவர் கண்ணில் பட்டது. கிம் ஸ்விஃப்ட் உள்ளிட்ட அந்தக் குழு வால்வ் அலுவலகத்தில் வந்து ஆடிக் காட்டியது. நிறுவனர் கேப் நியூவெல் அங்கேயே எல்லோருக்கும் வேலை கொடுத்தார். 2007இல் வந்த ‘போர்ட்டல்’ அதன் விளைவு. மாணவர்களின் ஓவியமும் கதையும் அரைகுறைதான். ஆனால் அந்த ஒரு யோசனை, கையில் கொடுத்த கணமே விளங்கியது.

கேம் வடிவமைப்பாளரின் போர்ட்ஃபோலியோ ஓவியரின் கோப்பு மாதிரி இருக்க முடியாததற்குக் காரணமும் அதுதான். ஓவியரின் வேலை பார்த்தால் தெரியும். இவருடையது ஆடினால்தான் தெரியும். அதனால்தான் லெவலின் மேல்நோக்கு வரைபடம், அலங்காரம் ஏதுமில்லாத வெறும் கட்டைகளால் ஆன முதல் வடிவம், ஆடியவர்கள் தடுக்கி விழுந்த பிறகு மாற்றிய வடிவம், இதில் நான் செய்தது எது என்ற ஒரு வரி எல்லாம் அதில் இடம்பிடித்தன. தொழிலில் பல ஆண்டு இருந்தவர்களுக்குத்தான் சங்கடம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் செய்த ஆட்டம் வெளிவராமலேயே கைவிடப்பட்டால், அவர்களால் காட்ட ஒன்றும் இராது. அட்டாரி காலத்து நிலைமை இந்த வடிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2013இல் அலெக்சாண்டர் வெலிக்கி என்ற 19 வயது இளைஞர் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்துக்கு ‘ஃபால்ஸ்கார்’ என்ற ஒரு முழு நிலப்பரப்பையே சேர்த்தார். சுமார் 2,000 மணி நேர உழைப்பு. ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டாவில் வேலை கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அழைத்தது பங்கி நிறுவனம். நல்ல கதைதான். ஆனால் 2,000 மணி நேரம் கூலியில்லாமல் உழைக்க யாரால் முடியும்? வீட்டு வாடகையை வேறொருவர் கட்டும் நிலையில் இருப்பவரால்தான். திறமைக்கு மட்டுமே திறக்கும் கதவு என்று இத்துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது பாதி உண்மை.

நிறுவனங்களும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டன. ‘வார்கிராஃப்ட் 3’ மீது ரசிகர்கள் கட்டிய ‘டோட்டா’ கடைசியில் வால்வின் சொத்தானது. 2020இல் ‘வார்கிராஃப்ட் 3’ஐப் புதுப்பித்து வெளியிட்ட பிளிஸார்ட், இனி அதில் ரசிகர்கள் செய்யும் எதுவும் தனக்கே சொந்தம் என்று விதியில் எழுதிக்கொண்டது.

2011இல் வாஷிங்டன் மாநிலத்தில் கணினிப் பட்டம் பெற்ற எரிக் பரோனுக்கு வேலை கிடைக்கவில்லை. நிரல் எழுதும் பயிற்சிக்காகவும், நேர்காணலில் காட்ட ஏதாவது இருக்கட்டும் என்றும் ஒரு சிறு பண்ணை ஆட்டத்தைத் தொடங்கினார். ஓவியம், இசை, நிரல் எல்லாம் அவரே. இடையில் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார். வீட்டுச் செலவில் பெரும்பங்கைத் துணைவி தாங்கினார். நாலரை ஆண்டு கழித்து, 2016 பிப்ரவரியில் ‘ஸ்டார்ட்யூ வேலி’ வெளியானது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. எந்த நேர்காணலுக்காகத் தொடங்கினாரோ, அதற்கு அவர் போகவேண்டிய தேவையே வரவில்லை.