அக்காவைப் பார்க்க ஒரு விசா

கீழ் கோத்தகிரியில் 'சிலோன்காரர்கள்' என்றழைக்கப்படும் குடும்பங்களில் வெளிநாட்டுப் பயணம் என்ற சொல்லுக்கு விசித்திரமான பொருளொன்று உண்டு. பிறந்த ஊருக்குப் போவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேர் 1974இல் ஆளுக்குப் பாதி. பங்காளிகள் களத்துமேட்டில் நெல்லை அளந்துகொள்வதைப் போலத்தான். நெல்லிடம் யாரும் கேட்பதில்லை அல்லவா?

மணமான மகள் கணவன் வீட்டு விண்ணப்பத்தில் சேர்ந்தாள். தந்தை இந்தியாவைக் கேட்டிருக்க, மருமகன் இலங்கையைக் கேட்டிருப்பான். அங்கேதான் குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்களில் பலருக்கு, அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் (இன்றைய டான்டீ) வேலை தந்தது. கொழுந்து அதே கொழுந்து. குளிரும் ஏறக்குறைய அதே குளிர். அக்கா மட்டும் அட்டனில்.

1984இல் அந்தக் கப்பலும் நின்றது. பின்னர் நீண்ட போர். இப்போது போகிறவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி, அயல்நாட்டார் வரிசையில் நிற்கிறார்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டு. அதில் பிறந்த இடம் என்ற கட்டத்தில், நுவரெலியா.