வரைபடமும் வளவும்: உடுப்பிட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வீடொன்றைக் கட்டுதல் தனிமனிதனின் உரிமை. அதன் வரைபடத்தைப் பரிசீலித்தல் ஊரின் உரிமை. இலங்கையில் இவ்விரண்டாவது உரிமைக்கு முதன்மையான சட்ட அடிப்படையாக அமைந்தது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். கொழும்பில் கொள்ளைநோய் தோன்றிய 1914 ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலே இது பிறந்தது. நெருக்கமான தெருக்களும் ஒளி புகாத அறைகளும் ஆட்சியாளருக்குப் பேரச்சமாயிருந்த காலம் அது.

அவ்வச்சத்தின் சுவடு சட்டத்தின் அளவு விதிகளிலே தெளிவாகத் தெரிகின்றது. காணியின் பின்னெல்லையிலிருந்து கட்டிடத்தை நோக்கி 63½ பாகைச் சாய்வில் ஒரு கோடு வரையப்படும்; கட்டிடம் அதனை மீறி உயர்தல் ஆகாது. எல்லையிலிருந்து விலகும் தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயரமே கட்டிடத்திற்கு உரியது என்பது இதன் பொருள். இவ்விதி 1894 ஆம் ஆண்டின் இலண்டன் கட்டிடச் சட்டத்திலும் காணப்படுகின்றது. இலண்டனின் மாடிவீடுகளுக்கு ஒளி தேடிய கோணமே கடல் கடந்து இலங்கைக்கு வந்தது எனலாம்.

இனி, இக்கோணத்தை வடமராட்சியின் உடுப்பிட்டியில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும். 1852 இல் அமெரிக்க மிஷன் கல்லூரியும் 1868 இல் மகளிர் கல்லூரியும் தோன்றிய இவ்வூர், கல்வியில் முந்திய ஊராயினும் அமைப்பில் வளவுகளின் ஊராகும். பனையோலை வேலியும் கதியாலும் சூழ்ந்த வளவின் நடுவே வீடு அமைந்தது. நாற்சார் வீட்டில் நடுமுற்றமே ஒளியையும் காற்றையும் அறைகளுக்குப் பகிர்ந்தளித்தது. இத்தகைய ஊருக்கு இலண்டன் கோணம் அவசரத் தேவையாக இருந்ததில்லை.

உடுப்பிட்டியின் உண்மையான வினா மண்ணுக்குக் கீழேயே உள்ளது. ஆறுகளற்ற குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக் கற்படுகையினுள் தங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த அப்பாறை, நீரை விரைவாக ஏற்பது போலவே கழிவையும் விரைவாகக் கடத்துகின்றது. வளவுகள் பரந்திருந்த காலத்தில் இதனாற் பெருந்தீங்கு நேரவில்லை. ஆயின், ஒல்லாந்தரால் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின் சீதன, முதுசப் பங்கீடுகள் தலைமுறைதோறும் வளவைப் பிரித்தன. உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டமை இப்பிரிவினையின் சான்றாகும். குழி மலசலகூடங்கள் பரவியபோது, ஒருவருடைய குழி மற்றொருவருடைய கிணற்றுக்கு அயலாயிற்று.

இங்குதான் வரைபடப் பரிசீலகரின் பணி பொருள் பெறுகின்றது. விண்ணப்பதாரர் உறுதிப் பிரதியுடனும் நில அளவைப் படத்துடனும் தமது காணியையே காட்டுகின்றார். வேலிக்கு அப்பாலுள்ள கிணறு அத்தாளில் இடம்பெறாமற் போகலாம். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நேரிற் சென்று, தாளில் இல்லாததையும் கண்டு அறிக்கையிடவேண்டும். அதன் பின்னரே தவிசாளரின் அனுமதியும், கட்டிடம் நிறைவுற்றபின் இணக்கச் சான்றிதழும் வரவேண்டும். கிணறு கெட்டபின் வழங்கப்படும் எந்தத் தீர்ப்பும் அந்நீரை மீட்டுத் தராது. ஆதலின் முன்கூட்டிய பரிசீலனையே அயலவனுக்கு உள்ள மெய்யான காப்பு.

இக்காப்பினை வழங்கவேண்டிய நிறுவனங்களோ நிலைத்து நிற்கவில்லை. கிராமசபைகளும் பட்டினசபைகளும் 1980 ஆம் ஆண்டின் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தைத் தொடர்ந்து மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் வடமராட்சி சிதைந்தது. யாழ்ப்பாணத்தில் பிரதேச சபைத் தேர்தல் 1998 இலேயே நடைபெற்றது. இடம்பெயர்ந்தோர் மீண்டு வந்து வீடு கட்டியபோது, கூரை கிடைப்பதே முதல் வேண்டுதலாயிருந்தமை இயல்பே. ஆயின், அவசரத்திற் கட்டிய வீட்டைப் பின்னர் திருத்தலாம். அவசரத்தில் தோண்டிய குழியின் விளைவைத் திருத்துதல் அரிது.

ஆகவே, கட்டிட அனுமதியை வெறும் அலுவலக நடைமுறையாகவோ வரி வருவாய்க்கான வழியாகவோ கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அது நோயச்சத்திற் பிறந்து, அயலவன் உரிமையாக வளர்ந்த ஓர் ஏற்பாடு. கொழும்பில் அது ஒளியை அளந்தது. உடுப்பிட்டியில் அது நீரை அளத்தல் வேண்டும். பரிசீலகரின் அளவுநாடா சுவரில் தொடங்கி, வேலியைக் கடந்து, அயல் வளவின் கிணற்றுக்கட்டில் முடியும்போதே அச்சட்டம் இம்மண்ணுக்கு உரியதாகும்.