போட்ட வாக்குக்குக் கிடைத்த தண்டனை

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்தில். அம்மா கொழுந்தெடுத்தவர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு அங்கேயே வாத்தியாராக இருந்தவன். மலையகத்தார் நாடற்றவரான கதையை எல்லோரும் 1948 சட்டத்தில் தொடங்குகிறார்கள். ஒரு வருடம் முன்னால் போனால்தான் விஷயம் விளங்கும்.

1947 பொதுத் தேர்தலில் லயத்துச் சனம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், வாக்குப் போட்டது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு. வேறு தொகுதிகளில் எங்கள் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. டி.எஸ். சேனநாயக்க அரசு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1948 நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. போட்ட வாக்குக்குக் கிடைத்த தண்டனை என்றே இதைச் சொல்வேன்.

பிரஜாவுரிமைக்கு இங்கே பிறந்தது போதாது. அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும். லயக்காம்பிராவில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளைக்கு எந்தக் கச்சேரியில் பத்திரம் தேடுவது? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், கலியாணம் கட்டியவருக்கு 7 வருடம், கட்டாதவருக்கு 10 வருடம் விடாத வதிவுக்கு அத்தாட்சி கேட்டது. இந்தியாவில் ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவருக்கு அந்தக் கணக்கு அறுந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மனுப் போட்டார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. எங்களில் யாரையும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலை சனம் ஒப்பாரிக் கோச்சி என்றது. என் சின்னம்மா அதில்தான் ஏறினார். அம்மா இங்கே நின்றுவிட்டார். சின்னம்மா கூடலூரில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். அக்காவும் தங்கையும் பிறகு சந்திக்கவே இல்லை.

எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது 55 வருடம் கடந்திருந்தது.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் நிராகரித்த கடிதமோ, பழைய பாஸ்போர்ட்டோ, தோட்டத்துப் பேர்ச்சீட்டோ கிடந்தால் எரித்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டி, அது யாருடையது என்று பின்பக்கம் எழுதி வையுங்கள்.